மூன்று மார்க் கேள்வி

உலகத்திலேயே உயரமான மனிதர் யார், மிக நீளமாக நகம் வளர்த்தவர் யார் என்றெல்லாம் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறதே ஒரு பெரிய புத்தகம், அது எப்படிப் பிறந்தது தெரியுமா? ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது!

1951-ஆம் வருஷம் அயர்லாந்தில் வெக்ஸ்ஃபோர்டு ஜில்லாவில் சில கனவான்கள் பறவை வேட்டைக்குப் போனார்கள். குறி தப்பியது. குறி தப்பினால் வேட்டைக்காரர் தம் கையைக் குறை சொல்வாரா? பறவையின் வேகத்தைத்தான் சொல்வார். அன்று மாலை அவர்களுக்குள் விவாதம் மூண்டது. ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளில் அதிவேகமாகப் பறப்பது கோல்டன் ப்ளோவரா, க்ரௌஸா? எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் விடை அகப்படவில்லை. அந்தக் கனவான்களில் ஒருவர் ஸர் ஹ்யூ பீவர்; கின்னஸ் மதுபானக் கம்பெனியை நிர்வகித்தவர். 'நாடெங்கும் உள்ள மதுச்சாலைகளில் தினம் ராத்திரி இப்படி எத்தனை சண்டை நடக்கும்! தீர்த்து வைக்க ஒரு புத்தகம் வேண்டாமா?' என்று அவருக்குத் தோன்றியது. 1955-ல் கின்னஸ் சாதனைப் புத்தகம் வெளிவந்தது.

புத்தகம் வந்ததே தவிர, சண்டை தீர்ந்தபாடில்லை. அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். பிரிட்டனில் 'பப்' என்று சொல்கிற மதுச்சாலைகளில் வாரத்தில் ஒரு நாள் ராத்திரி பொது அறிவுப் போட்டி நடக்கும். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் மைக்கில் கேள்வி கேட்பார். விடையைக் காகிதத்தில் எழுத வேண்டும். செல்போனைத் தொட்டால் மானம் போய்விடும். பரிசு பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பரிசுக்கு மனிதர்கள் போடுகிற சண்டை இருக்கிறதே, அடேயப்பா!

எடின்பரோவில் அப்படி ஒரு போட்டியைப் பார்க்கும் பாக்கியம் எனக்கும் என் மனைவிக்கும் கிடைத்தது. எங்கள் மேஜையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, அவளுடைய பாட்டி. எங்கள் கையில் ஆரஞ்சு ரசம்.

"ஸ்காட்லாந்தின் தேசிய மிருகம் எது?" என்று ஆரம்பமாயிற்று. ஆடு, மான் என்று நான் யோசிப்பதற்குள் பாட்டி எழுதிவிட்டாள்: யூனிகார்ன். உலகத்தில் இல்லவே இல்லாத ஒற்றைக் கொம்புக் குதிரையைத் தேசிய மிருகமாக வைத்திருக்கிற தேசம் அது! "உலகத்திலேயே குறைந்த நேர விமானப் பிரயாணம் எங்கே?" அதுவும் ஸ்காட்லாந்தில்தான். ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு, இரண்டே நிமிஷம். பெல்ட் போட்டுக்கொண்டால் கழற்ற வேண்டியதுதான்.

அடுத்தாற்போல் வந்தது மூன்று மார்க் கேள்வி. "ஸ்காட்ச், ஐரிஷ், போர்பன்... இந்த மூன்று விஸ்கிகளுக்கும் என்ன வித்தியாசம்?"

அவ்வளவுதான். கூடம் இரண்டுபட்டது. "இடம்தான் வித்தியாசம்" என்றார் தபால்காரர். "தானியம்" என்றாள் மாணவி. "எத்தனை தடவை வடிக்கிறார்கள் என்பது" என்றது பக்கத்து மேஜை. "எழுத்து" என்றார் ஒரு குறும்புக்காரர். கேள்வி கேட்டவர் எல்லாருக்குமே மார்க் கொடுக்கும்படி ஆகிவிட்டது!

"குடிக்கிற சமாசாரத்துக்கு இத்தனை சாஸ்திரமா?" என்றாள் என் மனைவி.

சாஸ்திரம் இருக்கத்தான் இருக்கிறது. ஒரு வாரம் ஸ்காட்லாந்தில் சுற்றியதில் அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டோம். வாசகிகள் முகம் சுளிக்க வேண்டாம். குடிப்பதற்கு வழி சொல்லும் கட்டுரை அல்ல இது. ஒரு பெயருக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைப் பற்றியது. பாலில் தண்ணீர் கலக்கிறார்களா என்று பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது புரியாமல் போகாது.

எழுத்துச் சண்டை

முதலில் அந்தக் குறும்புக்காரர் சொன்ன எழுத்து. ஆங்கிலத்தில் 'விஸ்கி' என்று எழுதும்போது ஸ்காட்லாந்துக்காரர்கள் கடைசி எழுத்துக்கு முன்னால் 'ஈ' போடமாட்டார்கள். அயர்லாந்துக்காரர்கள் போடுவார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் போடுவார்கள். கனடாவும் ஜப்பானும் ஸ்காட்லாந்தின் கட்சி. நம் தமிழில் இந்தத் தகராறே கிடையாது. எல்லாரையும் ஒரே எழுத்தில் அடக்கிவிட்டோம்!

சொல் பிறந்தது கேலிக் பாஷையில். அதன் அர்த்தத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: 'உயிர்த் தண்ணீர்'. 1494-ஆம் வருஷத்து ராஜாங்கக் கணக்கில் ஜான் கோர் என்ற துறவிக்கு உயிர்த் தண்ணீர் வடிப்பதற்காக எட்டு அளவை மால்ட் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் பழைய ஆதாரம் அதுதான். ஆரம்பத்தில் அது மருந்து. துறவிகள்தான் வைத்தியர்கள்.

மால்ட் என்பது வேறொன்றுமில்லை. குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கி வைக்கிறீர்களே, அதே காரியத்தைப் பார்லியில் செய்வது. முளைவிடும்போது தானியத்தின் மாவுச் சத்து சர்க்கரையாக மாறத் தயாராகிறது. அதை வெந்நீரில் கரைத்துப் புளிக்கவைத்துச் செம்பு வாலையில் இரண்டு முறை வடித்தால் பளிங்கு போல் நிறமற்ற திரவம் வருகிறது. அதை விஸ்கி என்று சொல்லக்கூடாது. ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது மூன்று வருஷம் தூங்கி எழுந்தால்தான் அந்தப் பெயர். பீப்பாய் 700 லிட்டருக்கு மேற்படக்கூடாது. புட்டியில் சாராயச் சத்து நூற்றுக்கு நாற்பது பாகத்துக்குக் குறையக்கூடாது. இத்தனையும் சட்டம்.

காப்பிப் பொடிக் கடை

எடின்பரோவில் அஷர் ஹால் என்ற அழகான சங்கீத மண்டபம் இருக்கிறது. வட்ட வடிவம், மேலே செம்புக் கூரை. 1914-ல் திறந்தார்கள். அதைக் கட்ட ஒரு லட்சம் பவுன் கொடுத்த ஆண்ட்ரூ அஷர் ஒரு விஸ்கி வியாபாரி. பல வாலைகளின் சரக்கைக் கலந்து எப்போதும் ஒரே ருசியாக விற்கிற வித்தையைப் பிரபலமாக்கியவர். அதற்கு முன்னால் ஒரு பீப்பாய் மாதிரி இன்னொரு பீப்பாய் இருக்காது. கலவைக் கலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவர் தாயார் என்றும் சொல்கிறார்கள்.

கலப்பதற்கு மலிவான சரக்கு வேண்டுமே? அதைத் தந்தவர் ஈனியஸ் காஃபி. பெயரே காஃபி! அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். கள்ளச் சாராயம் பிடித்துப் பிடித்து அலுத்தோ என்னவோ, 1830-ல் ஓயாமல் வடித்துக்கொண்டே இருக்கும் ஒரு நெட்டை வாலைக்கு உரிமை வாங்கினார். கோதுமை, மக்காச்சோளம் எதைப் போட்டாலும் மளமளவென்று வடித்துத் தள்ளும். சொந்த நாட்டார் அதை மதிக்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆக, செம்பு வாலையில் மால்ட் பார்லி மட்டும் போட்டு, ஒரே ஆலையில் வடித்தது 'சிங்கிள் மால்ட்'. நெட்டை வாலையில் மற்றத் தானியங்களும் சேர்த்து வடித்தது 'கிரெய்ன்'. இரண்டையும் கலந்தால் 'பிளெண்டட்'. கடைகளில் அதிகம் விற்பது கலவைதான். 'சிங்கிள்' என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஆலை என்றுதான் அர்த்தம். புட்டியில் '12 வருஷம்' என்று போட்டிருந்தால் அதிலுள்ள கடைக்குட்டிச் சரக்கின் வயசு அது. ஒரு சொட்டுப் பத்து வருஷச் சரக்கைச் சேர்த்தாலும் பத்து என்றுதான் போட வேண்டும்.

"நம்ம காப்பிப் பொடிக் கடை மாதிரிதான்" என்றாள் என் மனைவி. "மால்ட் என்பது பிளாண்டேஷன் கொட்டை. கிரெய்ன் என்பது சிக்கரி."

சிக்கரி என்று சொன்னால் கிரெய்ன்காரர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள் என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஒரு சமயம் கோர்ட்டுக்குத்தான் போயிற்று.

'விஸ்கி என்றால் என்ன?'

1905-ல் லண்டனின் வடபகுதியான இஸ்லிங்டனில் நகரசபை அதிகாரிகள் இரண்டு கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ்! விஸ்கி என்று சொல்லி நெட்டை வாலைச் சரக்கை விற்றார்களாம். மறு வருஷம் மாஜிஸ்டிரேட் கடைக்காரர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். அப்பீலில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். கடைசியில் 1908-ல் அரசாங்கமே ஒரு ராயல் கமிஷன் வைத்தது. விஸ்கி என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை காண ராயல் கமிஷன்! சாட்சிகளை விசாரித்து 1909-ல் அறிக்கை தந்தார்கள். தானியத்தை மால்ட்டின் துணையால் சர்க்கரையாக்கி வடித்தது எதுவானாலும் விஸ்கிதான் என்று முடிவாயிற்று. கிரெய்ன்காரர்களுக்கு வெற்றி.

எத்தனை வருஷம் பீப்பாயில் இருக்கவேண்டும் என்பதைக் கமிஷன் சொல்லவில்லை. அது வந்த கதை இன்னும் விசித்திரம். முதல் உலக யுத்தத்தின்போது தொழிலாளிகள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று லாயிட் ஜார்ஜ் கொதித்தார். பச்சைச் சாராயம் விற்கக்கூடாது என்று 1915-ல் சட்டம் வந்தது. முதலில் இரண்டு வருஷம், பிறகு மூன்று. குடியைக் குறைக்கப் போட்ட சட்டம் சரக்கின் தரத்தை உயர்த்திவிட்டது!

பீப்பாய்களின் ஊர்

ஸ்பே என்பது வடக்கே ஓடும் நதி. அதன் கரைகளில் சுமார் ஐம்பது வாலை ஆலைகள். எங்கே திரும்பினாலும் பசும் மலைச்சரிவு, பார்லி வயல், சாம்பல் நிறக் கல் வீடுகள், நடுவில் ஆலையின் கோபுரம். காற்றில் ஊறவைத்த தானியத்தின் வாசனை. இட்லி மாவு பொங்கிய மறுநாள் சமையலறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிடங்குச் சுவர்களும் பக்கத்து மரங்களும் கரி பூசியதுபோல் கறுத்திருந்தன. ஏன் என்று விசாரித்தோம். பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிப் போகிறது. அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். அந்த ஆவியைத் தின்று ஒரு கறுப்புப் பூஞ்சை வளர்கிறது. பழைய காலத்தில் கலால்காரர்கள் கறுத்த கூரையைப் பார்த்தே கள்ள வாலையைக் கண்டுபிடிப்பார்களாம். ஸ்காட்லாந்து முழுவதிலும் தூங்குகிற பீப்பாய்கள் இரண்டு கோடிக்கு மேல். தேவதைகளுக்குக் குறையேது!

கிரெய்கெல்லாக்கியில் பீப்பாய் செப்பனிடும் பட்டறையை மாடியில் நின்று பார்க்கலாம். ஆணி இல்லை, கோந்து இல்லை. மரப் பட்டைகளை வளைத்து, இரும்பு வளையத்தைச் சம்மட்டியால் அடித்து இறுக்குகிறார்கள். ஒரு சொட்டு ஒழுகாது. கீழே அடுக்கியிருந்த பீப்பாய்களில் முக்கால்வாசி அமெரிக்காவிலிருந்து வந்தவை. போர்பன் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது.

போர்பனில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்காவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புத்தம் புதிய ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். ஒரு தடவை உபயோகித்த பீப்பாய் அடுத்த போர்பனுக்கு ஆகாது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்பது பலர் செய்யும் தவறு. அமெரிக்காவில் எங்கே செய்தாலும் சரி. 1964-ல் அமெரிக்கக் காங்கிரஸே இதை நாட்டின் தனிச்சரக்கு என்று தீர்மானம் போட்டது. மக்காச்சோளத்துக்குப் பதில் ரை தானியம் ஐம்பத்தொரு பங்கானால் அது 'ரை' விஸ்கி. ஆனால் கனடாவில் ரை என்று பெயர் போட்ட புட்டியில் ரை இருந்தே தீரவேண்டும் என்று சட்டமில்லை!

அமெரிக்கர்கள் ஒரு தடவையோடு விட்டுவிட்ட பீப்பாய்களை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிவந்து பல்லாண்டு உபயோகிக்கிறார்கள். "சிக்கனத்துக்குப் பெயர்போனவர்கள் என்று சும்மாவா சொன்னார்கள்!" என்றாள் என் மனைவி.

ஐரிஷ் விஸ்கியோ, பெரும்பாலும் மூன்று முறை வடித்தது. அதனால் மிருதுவாக இருக்கும் என்கிறார்கள். அயர்லாந்துத் தீவிலேயே மூன்று வருஷம் பீப்பாயில் இருக்க வேண்டும். முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பார்லியையும் சேர்த்து வடிப்பது அவர்களுடைய தனி வகை. ருசிக்காகவா சேர்த்தார்கள்? இல்லை. மால்ட்டுக்கு அரசாங்கம் வரி போட்டது. மால்ட்டைக் குறைத்தால் வரி குறையும்! வரிக்குப் பயந்து செய்தது நாளடைவில் சம்பிரதாயமாகிவிட்டது.

சிவப்புக் கொடி

ஸ்பே நதிக் கரைக் கதைகளில் என் மனைவிக்கு மிகவும் பிடித்தது கார்டு ஆலையின் கதை. அங்கே ஹெலன் கம்மிங் என்ற குடியானவப் பெண்மணி 1800-களின் தொடக்கத்தில் பண்ணை வீட்டில் லைசென்ஸ் இல்லாமல் வாலை வைத்திருந்தாள். கலால்காரர்கள் வந்தால் மாவும் கையுமாக ரொட்டி சுடுகிறவள்போல் வாசலுக்கு வருவாள். புளித்த வாசனைக்கு ரொட்டி மாவுதான் காரணம்! உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தேநீர் உபசாரம் செய்வாள். அதற்குள் பின்புறம் ஒரு சிவப்புக் கொடி ஏறிவிடும். சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளெல்லாம் பார்த்து வாலைகளை ஒளித்துவிடும்.

1823-ல் வரியைக் குறைத்து லைசென்ஸ் முறையைச் சுலபமாக்கினார்கள். மறு வருஷமே ஹெலனின் கணவர் லைசென்ஸ் எடுத்தார். பிற்காலத்தில் அவர்கள் மருமகள் எலிசபெத் 1872-ல் கணவனை இழந்தாள். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஆலையை அவளே நடத்தினாள். 1880-களில் புதிய ஆலை கட்டியபோது பழைய வாலைகளை வில்லியம் கிராண்ட் என்பவருக்கு விற்றாள். அந்தப் பழைய பாத்திரங்களை வைத்து அவர் தொடங்கியதுதான் இன்று உலகமெல்லாம் தெரிந்த கிளென்ஃபிடிக். மாமியார் கொடி ஏற்றினாள்; மருமகள் கொடி நாட்டினாள்!

இதே பிரதேசத்தில் லாங்மோர்ன் ஆலைக்கு 1919-ல் ஒரு ஜப்பானிய வாலிபர் தொழில் கற்றுக்கொள்ள வந்தார். மஸதாகா தகெத்ஸுரு என்று பெயர். கிளாஸ்கோ பக்கத்து டாக்டர் வீட்டுப் பெண்ணான ரீட்டா கோவன் அவரை மணந்தாள். இரு வீட்டாருக்கும் சம்மதமில்லை. 1920-ல் கல்யாணம். ரீட்டா ஜப்பானுக்குப் போய்ப் பியானோவும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினாள். 1934-ல் குளிர் மிகுந்த யோயிச்சியில் கணவர் சொந்த ஆலை தொடங்கினார். இடையில் யுத்தம் வந்தது. எதிரி நாட்டுப் பெண் என்று ஊரார் சந்தேகித்தார்கள். அவள் கணவனை விட்டுப் போகவில்லை. 1961-ல் அந்த மண்ணிலேயே கண்ணை மூடினாள். 2014-ல் அவள் கதையை ஜப்பான் டெலிவிஷனில் தொடராகப் போட்டபோது வீட்டுக்கு வீடு பார்த்தார்கள்.

புகைத் தீவு

மேற்குக் கடற்கரையில் கென்னக்ரெய்க் துறையிலிருந்து ஐலா தீவுக்குக் கப்பலில் இரண்டேகால் மணிக்குச் சற்று அதிகமாகும். கப்பல் போர்ட் எலனை நெருங்கும்போது கரையோரம் வெள்ளைவெளேரென்று ஆலைச் சுவர்கள் தெரிகின்றன. கடலிலிருந்தே படிக்கும்படி ஆள் உயரக் கறுப்பு எழுத்தில் பெயர்கள்: லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக்.

தீவில் மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷம் செடிகொடிகள் மக்கிய 'பீட்' என்ற கரிமண்தான் அடுப்பெரிக்க. செங்கல் செங்கல்லாக வெட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். புகை தானியத்தில் ஏறிக்கொள்கிறது, கடைசிவரை போவதில்லை. ஒரு ஆலையில் முகர்ந்து பார்க்கக் கொடுத்தார்கள். "டிங்க்சர் வாசனை!" என்று என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில்கூட இதை மருந்தென்று சொல்லி இறக்குமதி செய்தார்களாம். இந்த வாசனைக்கு எந்தச் சுங்க அதிகாரிதான் மறுப்புச் சொல்வார்!

லஃப்ரோய்க்குக்கு 1934-ல் பெஸ்ஸி வில்லியம்ஸன் என்ற பட்டதாரிப் பெண் மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு, டைப் அடிப்பதற்காக, வந்தாள். முதலாளி நோயில் விழுந்தபோது நிர்வாகம் அவள் கைக்கு வந்தது. 1954-ல் அவர் காலமானார். ஆலையையே அவள் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு வந்தவள் 1972 வரையில் நடத்தினாள்!

பௌமோர் ஊரில் 1767-ல் கட்டிய வட்டமான மாதாகோயில் ஒன்று இருக்கிறது. சாத்தான் ஒளிந்துகொள்ள மூலையே இருக்கக்கூடாது என்று வட்டமாகக் கட்டினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. கோயிலிலிருந்து நேரே கடலை நோக்கி இறங்கினால் ஆலை. அதன் பழைய கிடங்கு ஒன்றில் இப்போது நீச்சல் குளம் இருக்கிறது. ஆலையின் வீண் வெந்நீர்ச் சூட்டில் குளத்துத் தண்ணீர் கதகதப்பாகிறது. தீவுக் குழந்தைகள் அதில்தான் நீச்சல் பழகுகின்றன.

நம் நாட்டு விடை

ஒன்று சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. உலகத்தில் அளவில் அதிகமாக விஸ்கி குடிக்கிற நாடு நம்முடையது. அதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாஸஸ் என்ற கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் செய்தது. கரும்பிலிருந்து வந்தால் உலக வழக்கில் அது ரம்மின் இனம். ஆகவே அதை ஐரோப்பாவில் விஸ்கி என்று சொல்லி விற்க முடியாது. பெயர் மட்டும் விஸ்கி!

ஆனால் 2004-ல் பெங்களூர் அம்ருத் ஆலை, பார்லி மால்ட்டிலேயே வடித்த சரக்கைக் கிளாஸ்கோவில் கொண்டுபோய் அறிமுகம் செய்தது. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்ற தைரியம்! பெங்களூர் வெயிலில் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் ஆவியாகிவிடுகிறது. நம் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். பீப்பாயில் முதிர்ச்சியும் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஜப்பானிலும் வெளிநாட்டுச் சரக்கை வாங்கி ஜப்பானிய விஸ்கி என்று விற்றவர்கள் இருந்தார்கள். உற்பத்தியாளர் சங்கம் 2021-ல் விதி வகுத்து அதற்கு முற்றுப்புள்ளி வைக்க முனைந்தது. கேள்வி எந்த நாட்டில் எழுந்தாலும் ஒன்றுதான்: புட்டியில் இருப்பதும் புட்டி மேல் எழுதியிருப்பதும் ஒன்றா?

வீட்டுக்கார அம்மாள்

போர்ட் எலனில் நாங்கள் தங்கியிருந்த விடுதி, எழுபது வயது அம்மாள் ஒருத்தியின் வீடு. ஜன்னலைத் திறந்தால் விரிகுடா. அந்த ஊர் ஆலையை 1983-ல் மூடினார்கள். உலகத்தில் விஸ்கி விற்பனை சரிந்த காலம் அது. நாற்பது வருஷத்துக்கு மேல் வாலை எரியவில்லை. 2024-ல்தான் மறுபடி திறந்தார்கள். மூவாயிரம் பேர் வசிக்கிற தீவில் ஓர் ஆலை மூடினால் என்ன ஆகும் என்று அந்த அம்மாள் சொன்னாள். வேலை போனவர்கள் கிளாஸ்கோவுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள். கடை விளக்குகள் சீக்கிரம் அணைந்தன.

"உங்களுக்கு எந்த வகை பிடிக்கும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"நான் தொடுவதில்லை" என்றாள் அந்த அம்மாள். சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வீட்டைக் கட்டியது என் அப்பா ஆலையில் வாங்கிய சம்பளம். என் தம்பியைக் கொண்டுபோனது அந்த ஆலைச் சரக்கு. எந்த வகையாயிருந்தால் என்ன?"

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தெருவில் பித்தளைக் குடத்தை அடகு வைத்தவர்களையும் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தவர்களையும் பற்றி அவள் சொல்ல, அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாஷை கொஞ்சம் இடித்தது. விஷயம் இடிக்கவில்லை.

விஸ்கியின் தாய்நாடு இந்தக் கஷ்டத்தை அறியாததல்ல. ஸ்காட்லாந்தில் 2023-ல் மட்டும் மதுவின் நேரான விளைவால் இறந்தவர்கள் 1,277 பேர். சாராயச் சத்தை அளந்து அதற்கு இன்ன விலைக்குக் குறைந்து விற்கக்கூடாது என்று 2018-ல் அங்கே சட்டம் அமலாயிற்று. 2024-ல் அந்த விலையை உயர்த்தினார்கள். ஆலைக்காரர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்வரை போனார்கள், 2017-ல் தோற்றார்கள். ஸ்காட்ச், ஐரிஷ், போர்பன் மூன்றுக்கும் தானியம் வேறு, வாலை வேறு, பீப்பாய் வேறு. உள்ளே இருக்கிற சாராயச் சத்து ஒன்றேதான். மூன்று மார்க் கேள்விக்கு நாலாவது மார்க் உண்டானால் அது இந்த விடைக்குத்தான் சேரும்.

புறப்படுகிற அன்று காலை என் மனைவி மூட்டையிலிருந்து காப்பிப் பொடியையும் பில்டரையும் எடுத்தாள். டிகாஷன் இறங்குகிற வரையில் அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து, "இதுவும் ஒரு வாலைதான்!" என்றாள். பால் விட்டு ஆற்றிக் கொடுத்ததை வாங்கி முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு தீவுக்காரிக்கே உரிய சந்தேகத்தோடு கேட்டாள்:

"இது சிங்கிளா, பிளெண்டடா?"

"பிளெண்டட்தான்" என்றாள் என் மனைவி, சற்றும் தயங்காமல். "எண்பது பங்கு காப்பி, இருபது பங்கு சிக்கரி. பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது, பாருங்கள்!"